23 பேட்டர்னையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வாசகர் கேள்வி – பதில்

டிசைன் பேட்டர்ன், அதாவது நிரல் வடிவமைப்பில் அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பெயரிட்டு வைத்த தீர்வு, பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் பெரும்பாலோர் ஜாவாக்காரர்கள் என்பதால் விளக்கமும் ஜாவாவை வைத்தே போகிறது.

கே: பி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ‘கேங் ஆஃப் ஃபோர்’ புத்தகத்தை ஆசையாக வாங்கினேன். மூன்றாவது அத்தியாயத்தைத் தாண்ட முடியவில்லை. 23 பேட்டர்னையும் வரிசையாகப் படித்தே ஆகவேண்டுமா?
– மாணவி, நாகர்கோவில்

ப: அந்த இடத்தில் நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர். குற்றம் உங்கள் மேல் இல்லை, அகரவரிசை மேல். எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விளிசிடீஸ் நால்வரும் எழுதி 1994-இல் வெளிவந்த அந்தப் புத்தகம் பேட்டர்ன்களை மூன்று கூறாகப் பிரிக்கிறது. ஆப்ஜெக்டை உருவாக்குவது பற்றி 5, ஆப்ஜெக்டுகளைக் கோத்துக் கட்டுவது பற்றி 7, அவை தங்களுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வது பற்றி 11. ஒவ்வொரு கூறுக்குள்ளும் ஆங்கில அகரவரிசைதான். அதனால் மூன்றாம் அத்தியாயத்தில் முதல் ஆளாக வந்து நிற்பது அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி. புதிதாக வருகிறவருக்கு அதன் தேவையே புரியாது. இது கேட்டலாக், முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை படிக்க எழுதியதல்ல.

அனுபவம் குறைந்தவர்கள் எதில் தொடங்கலாம் என்று எட்டுப் பெயர்களை ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். அந்த எட்டையும் நாங்கள் இப்படி அடுக்குவோம்: முதலில் ஸ்ட்ராடஜி (மாறக்கூடிய கணக்கீட்டைத் தனி ஆப்ஜெக்டாகப் பிரித்து வைப்பது), அதே சிக்கலை இன்ஹெரிட்டன்ஸ் வழியாகத் தீர்க்கும் டெம்ப்ளேட் மெத்தடை அதோடு ஜோடியாக. பிறகு அப்சர்வர், அடாப்டர், காம்போசிட், டெகரேட்டர். அப்புறம் ஃபேக்டரி மெத்தட். கடைசியில்தான் அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி. விசிட்டர், இன்டர்ப்ரெட்டர், ஃப்ளைவெயிட் மூன்றும் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பேட்டர்னிலும் படம்தான் முதலில் கண்ணை இழுக்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நோக்கம், எப்போது பொருந்தும், விளைவுகள் என்ற மூன்று பகுதிகளை முதலில் படியுங்கள். சரக்கு ‘விளைவுகள்’ பகுதியில்தான் இருக்கிறது. பேட்டர்னுக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதை அங்கேதான் எழுதியிருக்கிறார்கள். எடுத்துக்காட்டுகள் சி பிளஸ் பிளஸ்ஸிலும் ஸ்மால்டாக்கிலும் இருக்கும். மெமரியை விடுவிப்பது பற்றிய பத்திகளை ஜாவாக்காரர்கள் தாண்டிப் போகலாம்.

பயிற்சி இப்படி இருக்கட்டும். பேட்டர்ன் எதுவும் இல்லாமல் 100 வரிக்குள் ஒரு நிரலை எழுதுங்கள். அதில் ஒரு மாற்றத்தைப் புகுத்திப் பாருங்கள். எத்தனை ஃபைலைத் தொட்டீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு பேட்டர்னுக்கு மாற்றி எழுதி, அதே மாதிரி இன்னொரு மாற்றத்தைப் புகுத்தி, மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை குறையாவிட்டால் பேட்டர்ன் தவறு, அல்லது பொருத்தியது தவறு. அடுத்ததை யாரும் செய்வதில்லை: அந்தப் பேட்டர்ன் தாங்காத ஒரு மாற்றத்தையும் வேண்டுமென்றே புகுத்துங்கள். ஸ்ட்ராடஜி இன்டர்ஃபேஸில் ஒரு புதிய பாராமீட்டர் சேர்த்தால், அதைச் செயல்படுத்தும் ஒவ்வொரு கிளாஸையும் திறக்கவேண்டி வரும். அதைக் கையால் ஒருமுறை செய்துவிட்டால் ‘விளைவுகள்’ பகுதி தானாகப் புரியும்.

கே: ஜவுளிக்கடைக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிறேன். ஆடித் தள்ளுபடி, உறுப்பினர் அட்டை, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று சீசனுக்கு ஒரு இஃப்-எல்ஸ் சேர்ந்து, தொகை கணக்கிடும் மெத்தட் 400 வரியைத் தொட்டுவிட்டது. ஸ்ட்ராடஜிக்கு மாற்றலாமா?
– மென்பொருளாளர், ஈரோடு

ப: மாற்றலாம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கிளாஸ் பிரிக்க உட்காராதீர்கள். முதலில் பழைய பில்களில் ஒரு 30, 40 எடுங்கள். 400 வரியில் உள்ள ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒருமுறையாவது ஓடும்படி தேர்ந்தெடுங்கள். உள்ளே போன விவரம், வெளியே வந்த தொகை இரண்டையும் டெஸ்டாகப் பதிந்துவையுங்கள். பழைய கோடு (நிரல்) தவறாகக் கணக்கிட்டிருந்தால் அந்தத் தவறையும் அப்படியே பதியுங்கள்; திருத்தம் தனி வேலை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் தொகை மாறும்போது எதனால் மாறியது என்று தெரியாது.

அடுத்து ‘தள்ளுபடி’ என்று ஒரு இன்டர்ஃபேஸ். அதில் ஒரே ஒரு மெத்தட். பில்லை வாங்கிக்கொண்டு தள்ளுபடித் தொகையைத் திருப்பித் தரவேண்டும். பில்லைத் தானே திருத்தக் கூடாது. திருத்த விட்டால், எந்த விதி முன்னால் ஓடியது என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒவ்வொரு விதியையும் தனியாகச் சோதிக்கவும் முடியாது. தொகையை டபிள் என்ற தசம எண் வகையில் வைக்காதீர்கள்; 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது. பைசாவாக மாற்றி முழு எண்ணாக வையுங்கள், அல்லது பிக்டெசிமல். ரவுண்டிங் ஒரே ஓர் இடத்தில் நடக்கட்டும்.

இனி ஒரு கிளையை வெட்டி ஒரு கிளாஸில் போடுங்கள், டெஸ்டுகளை ஓட்டுங்கள், பச்சை வந்தால் கமிட் செய்யுங்கள். பிறகு அடுத்த கிளை. ஒரு வரியில் முடிகிற விதிக்குத் தனி கிளாஸ் வேண்டாம். இன்டர்ஃபேஸில் ஒரு மெத்தட்தான் என்பதால் ஜாவா 8 முதல் லாம்டாவே போதும்.

மூன்று இடத்தில் கை சுடும். ஒன்று, தேதி. விதிக்குள்ளேயே இன்றைய தேதியை எடுத்தால், ஆடி விதியைத் தை மாதத்தில் சோதிக்கக் கணினியின் தேதியை மாற்றவேண்டி வரும். பில்லின் தேதியை வெளியிலிருந்து கொடுங்கள். இரண்டு, ஸ்ட்ராடஜி ஆப்ஜெக்டுக்குள் இதுவரை வந்த மொத்தம் என்று ஒரு ஃபீல்டு வைப்பது. ஒரே ஆப்ஜெக்டை இரண்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் நிரல் இழைகள்) பயன்படுத்தும்போது முதல் கவுன்டர் தொகை இரண்டாவது கவுன்டர் பில்லில் ஏறும். அதுவும் கூட்டம் உள்ள நாளில் மட்டும். மூன்று, இஃப்-எல்ஸ் ஒழிந்தது என்று நினைத்துக்கொள்வது. ஒழியாது. எந்த விதியைப் பயன்படுத்துவது என்று யாராவது முடிவெடுக்கத்தானே வேண்டும்? அது 400 வரியில் சிதறிக் கிடந்தது. இப்போது ஒரே இடத்தில், விதிக் குறியீட்டுக்கு எதிரே ஆப்ஜெக்டை வைத்த ஒரு மேப்பில் இருக்கிறது. கிடைக்கும் லாபம் அதுதான், அதுவே பெரிய லாபம்.

ஒரே பில்லுக்கு இரண்டு தள்ளுபடி சேர்ந்தால் என்ன செய்வது என்பது அடுத்த கேள்வியாக வரும். ₹1,000 துணிக்கு முதலில் 10 சதவீதம் கழித்து, பிறகு அட்டைக்கு ₹100 கழித்தால் ₹800. வரிசையைத் திருப்பினால் ₹900-இல் 10 சதவீதம் போய் ₹810. எது சரி என்பது கடை முதலாளியின் முடிவு; கோடு எழுதுகிறவர் தற்செயலாக எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. இங்கே டெகரேட்டரை ஒன்றின் மேல் ஒன்றாகப் போர்த்தச் சொல்வார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. ‘இரண்டில் எது பெரியதோ அது மட்டும்’ என்று விதி வந்துவிட்டால் டெகரேட்டர் திணறும், ஏனென்றால் வெளியே இருப்பதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. வரிசைப்படுத்திய ஒரு லிஸ்டும், அதைச் சுற்றிவந்து கணக்கிடும் ஒரு கிளாஸும் போதும். வரிக் கணக்கை இதற்குள் கலக்காதீர்கள். பில்லிலேயே காட்டிய தள்ளுபடியைக் கழித்த மதிப்புக்குத்தான் ஜிஎஸ்டி என்பதால், அது இதற்கு அடுத்த படி.

கே: இன்டர்வியூவில் சிங்கிள்டன் (ஒரு கிளாஸுக்கு ஒரே ஆப்ஜெக்ட்) எழுதச் சொன்னார்கள். லாக்குக்கு வெளியே ஒருமுறை, உள்ளே ஒருமுறை சோதிக்கும் டபுள்-செக்டு லாக்கிங் எழுதினேன். “வாலட்டைல் எங்கே?” என்றார்கள். லாக் இருக்கும்போது அது எதற்கு?
– வேலை தேடுபவர், மதுரை

ப: ஆப்ஜெக்ட் ஏற்கெனவே இருக்கிறதா என்ற முதல் சோதனை லாக்குக்கு வெளியே நடக்கிறது, அதனால்தான். ஆப்ஜெக்ட் உருவாகும்போது மெமரி ஒதுக்குவது, கன்ஸ்ட்ரக்டர் ஃபீல்டுகளை நிரப்புவது, ரெஃபரன்ஸை மாறியில் வைப்பது என்று பல வேலை. வாலட்டைல் இல்லாவிட்டால் கடைசி இரண்டும் அந்த வரிசையில்தான் அடுத்த த்ரெடுக்குத் தெரியும் என்று உத்தரவாதம் இல்லை. இன்னொரு த்ரெட் ரெஃபரன்ஸ் இருப்பதைப் பார்த்து, லாக்கைத் தொடாமலே, பாதி நிரம்பிய ஆப்ஜெக்டை எடுத்துப் போய்விடலாம். 2004-இல் ஜாவா 5 வந்து மெமரி மாடலைத் திருத்தும்வரை வாலட்டைல் போட்டாலும் இது சரியாகவில்லை.

இதைவிடச் சுலபமான வழி, உள்ளே ஒரு ஸ்டாட்டிக் கிளாஸ் வைத்து அதில் ஆப்ஜெக்டை உருவாக்குவது. கிளாஸை முதல்முறை தொடும்போது ஒரே தடவை, ஒரே த்ரெடில் துவக்குவதை, ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்மே பார்த்துக்கொள்கிறது. ஒரே உறுப்புள்ள ‘எனம்’ (enum) வகை இன்னும் உறுதி. சீரியலைஸ் செய்து (பைட்டுகளாகச் சேமித்து) திரும்ப எடுத்தாலும் இரண்டாவது பிரதி உருவாகாது.

இது இன்டர்வியூவுக்கு. வேலையில் சிங்கிள்டனைத் தவிர்ப்பதே நல்லது. புத்தகத்தின் ஆசிரியர்களில் ஒருவரான காமாவே, 2009-இல் அளித்த பேட்டியில், எடுத்துவிட விரும்பும் பேட்டர்ன் இது என்று சொன்னார். ‘ஒன்றுதான் இருக்கவேண்டும்’ என்பது ஒரு தேவை. ‘எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம்’ என்பது வேறொரு தேவை. சிங்கிள்டன் இரண்டையும் ஒட்டிவிடுகிறது. சிக்கலெல்லாம் இரண்டாவதில். ஒரு டெஸ்ட் அதில் விட்டுப்போன மதிப்பு அடுத்த டெஸ்டை விழவைக்கும். மெயினில் ஒரே ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, தேவைப்படும் கிளாஸ்களுக்குக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுங்கள். அதுவும் ஒன்றுதான்.

கே: பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் வேண்டுமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: பாதிக்கு மேல் வேண்டாம். கணினி அறிஞர் பீட்டர் நார்விக் 1996-லேயே, 23-இல் 16 பேட்டர்ன்கள் லிஸ்ப், டைலன் போன்ற மொழிகளில் எளிதாகிவிடுகின்றன அல்லது காணாமலே போகின்றன என்று காட்டினார். பைத்தானில் ஸ்ட்ராடஜி என்றால் ஒரு ஃபங்ஷனை அனுப்புவது; இட்டரேட்டர் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபங்ஷனுக்கு மேல் ‘அட்’ குறி போட்டு எழுதும் டெகரேட்டர், அந்த ஃபங்ஷனை வரையறுக்கும்போதே மாற்றிவிடுகிறது. டெகரேட்டர் பேட்டர்ன், ஓடும் நேரத்தில் ஓர் ஆப்ஜெக்டை அதே இன்டர்ஃபேஸ் உள்ள இன்னொன்றால் போர்த்துவது. பெயர்தான் ஒன்று.

கே: சரக்கு இருப்பைக் காட்டும் டெஸ்க்டாப் நிரல். அப்சர்வர் வழியாக ஒவ்வொரு விண்டோவும் மாற்றத்தைத் தெரிந்துகொள்கிறது. காலையில் வேகமாக ஓடுகிறது, மாலைக்குள் ஊர்கிறது. மெமரியும் ஏறிக்கொண்டே போகிறது. விண்டோக்களை மூடத்தான் செய்கிறோம்.
– நிரலாளர், கோவை

ப: விண்டோ திரையிலிருந்து போய்விட்டது, பட்டியலிலிருந்து போகவில்லை. இருப்பு ஆப்ஜெக்ட் தன் லிசனர்களை (மாற்றத்தைத் தெரிந்துகொள்ளப் பதிந்தவற்றை) ஒரு லிஸ்டில் வைத்திருக்கிறது. அந்த லிஸ்ட் பிடித்துக்கொண்டிருக்கும்வரை, பயன்படாத ஆப்ஜெக்டுகளை மெமரியிலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் விண்டோவை அள்ளாது. விண்டோ பிடித்திருக்கும் டேபிள், அதன் ஆயிரக்கணக்கான வரிசைகள் எதையும் அள்ளாது. மெமரி மட்டுமல்ல. இருப்பு மாறும் ஒவ்வொரு முறையும் மூடிய விண்டோக்கள் எல்லாம் தங்களைப் புதுப்பித்துக்கொள்கின்றன. மாலையில் ஊர்வது அதனால்.

உறுதிசெய்வது எளிது. ஒரு விண்டோவை 20 தடவை திறந்து மூடுங்கள். விஷுவல்விஎம் என்ற கருவியில் கார்பேஜ் கலெக்ஷனை ஓட்டி ஹீப் டம்ப் (மெமரியில் உள்ள ஆப்ஜெக்டுகளின் பதிவு) எடுங்கள். அந்த விண்டோ கிளாஸில் 20 ஆப்ஜெக்ட் உயிரோடு இருந்தால், எது பிடித்திருக்கிறது என்று வேர் வரை தேடச் சொல்லுங்கள். லிசனர் லிஸ்டில் போய் நிற்கும்.

“ரிமூவ் லிசனர் எழுதித்தானே இருக்கிறோம்” என்பீர்கள். சேர்க்கும் இடத்தில் மெத்தட் ரெஃபரன்ஸ் அல்லது லாம்டா எழுதி, நீக்கும் இடத்தில் அதையே மறுபடி தட்டச்சிட்டிருக்கிறீர்களா பாருங்கள். பார்வைக்கு ஒன்று, நடைமுறையில் அவை இரு வேறு ஆப்ஜெக்டுகள். லிஸ்டில் அப்படி ஒன்று இல்லையே என்று நீக்கும் மெத்தட் பிழை எதுவும் காட்டாமல் திரும்பிவிடும். லிசனரை ஒரு ஃபீல்டில் வைத்து, இரண்டு இடத்திலும் அந்த ஃபீல்டையே கொடுங்கள். இன்னும் நல்லது: சேர்க்கும் மெத்தட், மூடினால் பதிவை நீக்கும் ஒரு சிறு ஆப்ஜெக்டைத் திருப்பித் தரட்டும். விண்டோ மூடும்போது அதை மூடினால் வேலை முடிந்தது. வீக் ரெஃபரன்ஸ் (கலெக்டர் அள்ளுவதைத் தடுக்காத ரெஃபரன்ஸ்) போட்டால் தானாகச் சரியாகும் என்பார்கள். லாம்டாவை வேறு யாரும் பிடித்திருக்காவிட்டால் கார்பேஜ் கலெக்டர் அதை உடனே அள்ளிவிட்டு, திறந்திருக்கும் விண்டோவுக்கும் செய்தி நின்றுபோகும்.

அப்சர்வரில் இன்னும் சில கண்ணிகள் உண்டு. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு லிசனர் தன்னை நீக்கிக்கொண்டால் சாதாரண அர்ரேலிஸ்ட் எக்ஸப்ஷன் வீசும்; காப்பி-ஆன்-ரைட் லிஸ்ட் வீசாது. லாக்கைப் பிடித்துக்கொண்டே லிசனர்களைக் கூப்பிடாதீர்கள். அந்த லிசனர் இன்னொரு லாக்குக்குக் காத்திருந்தால், ஒன்றுக்கொன்று காத்து இரண்டும் நின்றுபோகும் டெட்லாக் வரலாம். பழைய கோடில் ஜாவாவின் அப்சர்வபிள் கிளாஸ் இருந்தால் இதோடு சேர்த்துத் தூக்கிவிடுங்கள். அது இன்டர்ஃபேஸ் இல்லை, கிளாஸ். உங்களுக்கிருக்கும் ஒரே இன்ஹெரிட்டன்ஸ் வாய்ப்பையும் பறித்துக்கொள்ளும். ஜாவா 9-இலேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

கே: அடாப்டர், டெகரேட்டர், பிராக்ஸி மூன்றுக்கும் படம் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரித்தறிவது?
– மாணவர், திருச்சி

ப: படத்தைப் பார்த்தால் குழப்பம்தான். இன்டர்ஃபேஸைப் பாருங்கள். உள்ளே இருப்பதன் இன்டர்ஃபேஸும் வெளியே தெரிவதும் வேறு வேறா? அடாப்டர். இரண்டும் ஒன்றாக இருந்து, கூடுதல் வேலை செய்தால் டெகரேட்டர். ஒன்றாக இருந்து, உள்ளே இருப்பதை எப்போது, யார் தொடலாம் என்று கட்டுப்படுத்தினால் பிராக்ஸி.

ஜாவாவில் ஒரு ஃபைலைப் படிக்கும் வரியிலேயே அடாப்டர், டெகரேட்டர் இரண்டும் இருக்கின்றன. ஃபைல்இன்புட்ஸ்ட்ரீம் பைட்டுகளைத் தருகிறது. அதன் மேல் இன்புட்ஸ்ட்ரீம்ரீடர். பைட்டை எழுத்தாக மாற்றுவதால் இது அடாப்டர். அதற்கும் மேல் பஃபர்டுரீடர். ரீடருக்கு மேல் இன்னொரு ரீடர், ஆகவே டெகரேட்டர். தமிழ் ஃபைல் படிப்பவர்களுக்கு நடுவில் உள்ளதுதான் முக்கியம். யுடிஎஃப்-8-இல் ‘க’ மூன்று பைட். ‘கு’ என்றால் உகரக் குறியும் சேர்ந்து ஆறு. எந்த என்கோடிங் என்று அடாப்டருக்குச் சொல்லாவிட்டால் ஜாவா 18-க்கு முன்பு அது அந்தக் கணினியின் வழக்கத்தை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் தமிழ் குப்பையாக வரும். டெகரேட்டருக்கும் ஒரு வழக்கமான விபத்து உண்டு. பஃபர்டுரைட்டரை மூடாமல் விட்டால், பஃபரில் தங்கிய கடைசி எழுத்துகள் (பஃபரின் அளவு வழக்கமாக 8,192) ஃபைலுக்குப் போகாது. ஆக வெளியே உள்ளதை மூடினால் போதும். உள்ளே இருப்பவற்றை அதுவே மூடும்.

கே: மறுபயன்பாடு என்றாலே இன்ஹெரிட்டன்ஸ்தானே? அதைக் குறைக்கச் சொல்வது ஏன்?
– ஆசிரியர், சேலம்

ப: ஜாவாவின் ஸ்டாக் கிளாஸை வகுப்பில் காட்டுங்கள். அது வெக்டரிலிருந்து வந்தது. அதனால் மேலே மட்டும் வைத்து எடுக்கவேண்டிய ஸ்டாக்கின் நடுவில் ஒரு பொருளைச் செருகலாம். கொஞ்சம் கோடு இனாமாகக் கிடைத்தது; வேண்டாத மெத்தட்களும் கூடவே வந்துவிட்டன.

இன்னொன்றை மாணவர்களையே எழுதவிடுங்கள். ஹேஷ்செட்டை எக்ஸ்டெண்ட் செய்து, ஆட், ஆட்ஆல் இரண்டிலும் எத்தனை பொருள் சேர்த்தோம் என்று எண்ணச் சொல்லுங்கள். மூன்று பொருளை ஆட்ஆல் வழியாகச் சேர்த்தால் எண்ணிக்கை 6 காட்டும். ஹேஷ்செட்டின் ஆட்ஆல் உள்ளுக்குள் ஆட்-ஐக் கூப்பிடுகிறது. அந்த ஆட் இப்போது நம்முடையது. தாய் கிளாஸ் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பது பிள்ளை கிளாஸின் விடையை மாற்றுகிறது. செட்டை ஒரு ஃபீல்டாக வைத்து, செட் இன்டர்ஃபேஸைச் செயல்படுத்தி, வேலையை உள்ளே தள்ளிவிட்டால் 3 வரும்.

கே: எங்கள் டீம் லீட் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் போடச் சொல்கிறார். “பின்னால் தேவைப்படும்” என்கிறார். சரியா?
– பெயர் வேண்டாம், சென்னை

ப: எல்லாவற்றுக்கும் தேவையில்லை. பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், டேட்டாபேஸ், கடிகாரம் என்று உங்கள் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருப்பவற்றின் எல்லையில் இன்டர்ஃபேஸ் வேண்டும். டெஸ்டில் போலி ஒன்றை வைக்கவாவது உதவும். மற்ற இடங்களில் இரண்டாவது கிளாஸ் வரும் நாளில் போட்டுக்கொள்ளலாம். நிரல் எழுத உதவும் ஐடிஇயில் இன்டர்ஃபேஸைப் பிரித்தெடுக்க ஒரு மெனு கட்டளை போதும், கூப்பிடும் இடங்களை அதுவே மாற்றித் தரும்.

நீங்கள் எழுதுவது வெளியாட்கள் பயன்படுத்தும் லைப்ரரி என்றால் மட்டும் உங்கள் டீம் லீட் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர்கள் கோடை உங்கள் ஐடிஇ மாற்றித் தராது. வெளியிட்ட கிளாஸைப் பின்னால் இன்டர்ஃபேஸாக மாற்றினால் அவர்கள் கோடு உடையும். வெளியிட்ட இன்டர்ஃபேஸில் புதிய மெத்தட் சேர்த்தாலும், அதைச் செயல்படுத்தியவர்களின் கோடு கம்பைல் ஆகாது. ஜாவா 8-இல் வந்த டிஃபால்ட் மெத்தட் இரண்டாவதற்கு மட்டும் கைகொடுக்கும்.